கவாத்துக் காட்டில் கொழுந்து வீரன்

பழைய சூப்பர் ஹீரோ படம் ஒன்றைத் தூசு தட்டி, புது ஆளைப் போட்டு, முதலிலிருந்து மறுபடி எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். பழைய படம் ஏன் ஓடியது என்பது தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இருபத்திரண்டு வயதில் நானும் அப்படி ஒரு படம் எடுத்தேன். அது ஒரே ஒரு முறைதான் பொதுவில் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் யாரும் இன்னும் மறக்கவில்லை. (மறக்கட்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.)

முதல் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே போனால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்று எங்களுடையது. (எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்வது. பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) எனக்கு ஏழு வயது இருக்கும்போது தோட்டத்து இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து, பக்கத்து ஊரான தானா ராத்தாவில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து, ‘கொழுந்து வீரன்’ என்ற அரை மணி நேரப் படத்தை எடுத்தார்கள். கதை ரொம்ப எளிது. எங்கிருந்தோ வந்த திருடன் ஒருவன் கொழுந்தைக் காட்டோடு (தேயிலை நிற்கும் சரிவை நாங்கள் காடு என்போம்) பறித்து மூட்டை கட்டிக்கொண்டு ஓடுவான். சாதாரணமான ஓர் ஆள் தகரக் குவளையில் தேநீர் குடித்ததும் வீரனாக மாறி, பறந்துபோய் அவனைப் பிடிப்பான். கடைசியில் திருடனுக்கும் ஒரு குவளைத் தேநீர் கொடுத்துப் புத்தி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வீரனாக நடித்தவர் குணா அண்ணன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரிக்கு டிரைவர். அவர் பறந்த விதம் இதுதான்: ஓடுகிற லோரியின் பின்பக்கம் முட்டைகோஸ் கூடைகள் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டார். முதுகில் கட்டிய சிவப்புக் கம்பளி காற்றில் படபடத்தது. கேமராக்காரர் லோரி தெரியாமல் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஆனாலும் அவர் வயிற்றுக்குக் கீழே இரண்டு முட்டைகோஸ் தெரியும். வானத்துக்கு முட்டைகோஸ் எப்படி வந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி தோட்ட மண்டபத்தில் அந்தப் படத்தைப் போடுவார்கள். குணா அண்ணன் பறக்கும் இடம் வந்தால் பிள்ளைகள் நாங்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்போம். பத்து வயது வரைக்கும் அவர் நிஜமாகவே பறப்பார் என்றும், அலுப்பாக இருக்கும் நாட்களில்தான் லோரி ஓட்டுகிறார் என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போட்டுப் போட்டு டேப் தேய்ந்து, படத்தில் கோடு விழுந்து, கடைசியில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது. அதற்கப்புறம் நாங்களும் வளர்ந்துவிட்டோம்.

கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூருக்கு நான் போய் இரண்டு வருடம் வீடியோ படிப்பு படித்தேன். திரும்பி வரும்போது ஒரு லேப்டாப்பும் நிறைய அகம்பாவமும் கொண்டுவந்தேன். அங்கே ஒரு சின்ன வீடியோ கம்பெனியில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா துள்ளவில்லை.

அப்பா கவாத்துக் கூட்டத்தில் இருந்தார். கவாத்து என்றால், வயதேறிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. வெட்டிய காட்டில் பச்சை என்று மருந்துக்குக்கூட எதுவும் இருக்காது. வெறும் குச்சிதான் நிற்கும். மறுபடி துளிர்த்து, கொழுந்து பறிக்கிற நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இதெல்லாம் பால் பல் விழும் முன்பே எனக்குத் தெரியும். கவாத்து மிஷினைப் பிடித்துப் பிடித்து, வேலை விட்டு வந்த பிறகும் அப்பாவின் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும்தான் பிடிப்பார். அந்தக் கையோடு ஒருநாள் என்னிடம் பேச்சை எடுத்தார்.

“பெரிய கிராணி சொல்லிட்டாரு. ஆபீஸ்ல ஒரு எடம் காலியா இருக்கு. மழையில நனைய வேணாம், வெயில்ல காய வேணாம். வீட்டுலேருந்தே நடந்து போயிட்டு வரலாம். இதுக்கு மேல என்னா வேணும்?” (பெரிய கிராணி என்றால் தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தர்.)

“எனக்குப் படம் எடுக்கணும்பா.”

“படம் எடுக்கறதுலாம் ஒரு வேலயாலா?”

“வேலதாம்பா. நான் நல்லா எடுப்பேன்.”

அப்பா குவளையைக் கீழே வைத்தார். “சரி. அப்ப இங்க எடுத்துக் காட்டு. நம்ம ஜனம் பாக்கட்டும். நல்லாருக்குன்னு அவங்க சொன்னா நீ கேஎல்லுக்குப் போ. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். இல்லன்னா ஆபீஸு. சரியா?”

சரி என்றேன். உள்ளுக்குள் சிரிப்புத்தான். வானத்தில் முட்டைகோஸ் பறந்ததையே கைதட்டிப் பார்த்த ஜனம், என் படத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

எடுக்க வேண்டிய படமும் உடனே முடிவாகிவிட்டது. ‘கொழுந்து வீரன்: தொடக்கம்’. பழைய படத்தில் என்னென்ன குறை என்று ஒரு நோட்டில் மூன்று பக்கம் எழுதினேன். ஹீரோ அதிகம் சிரிக்கிறான். ஹீரோவுக்கு மனதில் காயம் எதுவும் இல்லை. ஹீரோவுக்குத் தொப்பை இருக்கிறது. திருடனுக்குத் தேநீர் கொடுப்பது நம்பும்படியாக இல்லை. இப்படிப் போகும் அந்தப் பட்டியல். நிறை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் அதை எழுதிய அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் காதைத் திருக வேண்டும் போல இருக்கும்.

புது வீரனாக நடிக்க என்னோடு படித்த தினேஷைக் கிள்ளானிலிருந்து வரவழைத்தேன். உடற்பயிற்சி செய்து தோளும் மாருமாக இருப்பான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது, “இங்க எப்பவுமே இப்டித்தான் குளிருமா?” என்பதுதான். எங்கள் ஊர்க் குளிர் அவனைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீரன் உடைக்கு உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டால்தான் வெளியே வருவேன் என்று அடம்பிடித்தான். தோளும் மாரும் பஞ்சுக்குள் போய்விட்டன. வசனம் பேசச் சொன்னால் பல் தந்தியடித்தது. அதனால் அவனுக்கு எழுதிய வசனங்களை எல்லாம் வெட்டினேன். பேசாத, சிரிக்காத, மூடுபனியை வெறித்துப் பார்த்துக்கொண்டே நிற்கும் வீரன் உருவானது இப்படித்தான். (ஆழமான பாத்திரம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

அடுத்து குணா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கம்பளி இன்னும் வெச்சிருக்கேன் தங்கச்சி. பொட்டியிலதான் கெடக்கு. வயிறுதான் கொஞ்சம் வந்துருச்சு. பரவால்லதானே?”

நான் லோரிச் சக்கரத்தைப் பார்த்துப் பேசினேன். “அண்ணே... வீரனா வேற ஆளு போட்டாச்சு. நீங்க திருடனா நடிக்கணும்.”

அவர் துணியை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார். ஒரு சக்கரம் முழுக்கக் கழுவி முடித்துவிட்டுத்தான் பேசினார். “அதுக்கென்னா. படத்துல இருந்தா போதும்லா. எப்ப வரணும் சொல்லு.”

அன்று அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

படப்பிடிப்பு தொடங்கியது. லோரி மேல் படுத்துப் பறக்கிற பழைய கதையெல்லாம் எனக்கு ஆகாது. நான் கிராபிக்ஸ் படித்தவள். பச்சைத் துணிக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்து, கம்ப்யூட்டரில் ‘பச்சையை எடுத்துவிடு’ என்று சொன்னால் போதும். துணி மறைந்து, அந்த இடத்தில் வானத்தை ஒட்டிவிடலாம். நல்ல கொழுந்துக் காட்டு ஓரமாகப் பச்சைத் துணி கட்டி, தினேஷைப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, ஒரு பகல் முழுக்க எடுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, பச்சையை எடு என்று சொன்னேன்.

அது சொன்னதைச் செய்தது. துணியை எடுத்தது. கூடவே பின்னால் இருந்த தேயிலை மலையையும் எடுத்தது. அடுத்த மலையையும் எடுத்தது. கேமரன் மலையில் உட்கார்ந்துகொண்டு பச்சையை எடுக்கச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தூரத்தில் அம்மாவும் மற்ற பெண்களும் பச்சை மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உடம்பு எல்லாம் காணாமல் போய், வெறும் தலைகள் தொப்பியோடு வானத்தில் வரிசையாக மிதந்தன. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னாடி இது, என் தல மட்டும் போவுது? ஒடம்பு எங்கடி?”

“பச்சைய எடுத்துட்டேன்மா.”

“அலாமா! நல்லா எடுத்தே போ,” என்றாள்.

ஆக, பச்சை இல்லாத இடம் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பச்சை இல்லாத இடத்துக்கு எங்கே போவது? இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் மேட்டுப் பாதையில் நடந்துபோனபோது கண்ணில் பட்டது, அதற்கு முந்தின வாரம்தான் கவாத்து முடிந்திருந்த காடு. சரிவு முழுக்கப் பழுப்பு நிறக் குச்சிகள். நெருப்பில் வெந்த உலகம் மாதிரி இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இருண்ட படத்துக்கு இருண்ட இடம்! ஆபீசில் பெரிய கிராணியிடம் போய்க் கேட்டதும், “அங்கதான் யாருக்கும் வேல கெடையாதே, போய் எடுத்துக்க,” என்று உடனே ஒத்துக்கொண்டார். அந்தப் பேச்சின் அர்த்தம் அப்போதாவது என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

கதையை நான் மாற்றவில்லை. திருடன் காட்டுக்குள் நுழைந்து கொழுந்தைப் பறித்து மூட்டை கட்ட வேண்டும். மூட்டைக்குத் தேவையான கொழுந்தை அம்மாவிடம் சொல்லி வேறு காட்டிலிருந்து வரவழைத்தேன். குணா அண்ணன் சாக்கோடு குச்சிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“தங்கச்சி, இது கவாத்துக் காடாச்சே. நான் எதப் பறிக்கறது?”

அதற்கு நான் சொன்ன பதிலை முழுசாக எழுத இப்போதும் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்: “அண்ணே, அப்டியே பாக்கக் கூடாது. இது ஒரு குறியீடு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பிள்ளை, ஏதோ சொல்கிறது என்று நினைத்திருப்பார். மறுபேச்சுப் பேசாமல் வெறும் குச்சியிலிருந்து கொழுந்து பறிப்பது போல அழகாக நடித்துக் கொடுத்தார். அப்பா அந்த வாரம் வேறு சரிவில் வேலையாக இருந்ததால் படப்பிடிப்புப் பக்கமே வரவில்லை.

படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தோட்ட மண்டபத்தில் காட்டினோம். வெளியே நல்ல மழை. சன்னல்களுக்கு எல்லாரும் வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவந்து கட்டினார்கள். நனைந்த கம்பளி வாசமும், தொழிற்சாலையிலிருந்து வரும் தேயிலை வாசமும், யாரோ பொரித்துக் கொண்டுவந்த வடை வாசமும் கலந்து, சின்ன வயது தீபாவளி மாதிரியே இருந்தது. அம்மா லயத்தில் ஒருவர் விடாமல் கூட்டி வந்திருந்தாள். அப்பா கடைசி வரிசையில், கதவோரமாக, தன் கவாத்துக் கூட்டத்து ஆட்களோடு உட்கார்ந்தார். திங்கட்கிழமையிலிருந்து என் வாழ்க்கை கோலாலம்பூரிலா, ஆபீசிலா என்பது இந்த நாற்பது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதல் பத்து நிமிடம் தினேஷ் மூடுபனியைப் பார்த்தான். ஜனமும் பொறுமையாக அவனோடு சேர்ந்து பார்த்தது. பிறகு ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. “அந்தத் தம்பிக்கு வயித்து வலியா?” பேசியது செல்லம்மா அக்கா. கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. காட்டில் பேசிப் பழகிய தொண்டை. அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த மலைக்குக் கேட்கும்.

பிறகு குணா அண்ணன் திரையில் வந்தார். மண்டபமே அதிர்ந்தது. விசில், கைதட்டல், பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். நான் பூரித்துப்போனேன். அவர் திருடன் என்பது இன்னும் யாருக்கும் புரியவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. அவர் சாக்கை விரித்து, குந்தி உட்கார்ந்து, குச்சியிலிருந்து கொழுந்தைப் பறித்துப் பறித்துப் போட்டார். சத்தம் அப்படியே அடங்கியது. ஐம்பது அறுபது பேர், காலமெல்லாம் கொழுந்து பறித்து, எடைக்குக் கூலி வாங்கிக் கை காய்த்தவர்கள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

“டேய் குணா!” என்றார் செல்லம்மா அக்கா. “அது கவாத்துக் காடு. அங்க ஏதுடா கொழுந்து?”

நாலாவது வரிசையிலிருந்து குணா அண்ணன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். “எனக்கென்னாக்கா தெரியும்? கேட்டேன். குறியீடுன்னு சொன்னுச்சு!”

“அத எடை போடலாமாடா?”

மண்டபம் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பக்கத்திலிருந்தவர் மடியில் சாய்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் தினேஷ் வானத்தில் பறந்து வந்தான். பச்சைத் துணியின் மடிப்பு ஒன்று அவன் இடது காலை மூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதனால் ஒற்றைக் காலோடு வந்தான். வந்தவன் கவாத்துச் செடிகள் மேல் தொம்மென்று குதித்தான். “ஐயையோ, செடிய மிதிக்கிறான் பாரு! ஒடிஞ்சிரும்டா!” என்று பெண்கள் பதறினார்கள். அவன் குணா அண்ணனை அடித்தான். முன்வரிசைப் பிள்ளைகள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். என் சூப்பர் ஹீரோ படத்தில் சூப்பர் ஹீரோவை மட்டும் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

விளக்கைப் போட்டதும் கிளம்பி ஓடிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் பெரிய கிராணிக்கு எதையும் முறையாகச் செய்தாக வேண்டும். பட்டிமன்றம் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். மண்டபத்துக் கரும்பலகையில் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் நிறை, இன்னொரு பக்கம் குறை என்று எழுதி, “ஒவ்வொருத்தரா கருத்துச் சொல்லலாம்,” என்றார்.

குறைகள் வரிசையாக வந்தன. கொழுந்து கிடையாது. கால் கிடையாது. வீரன் கூடையை முதுகில் மாட்டாமல் முன்னால் மாட்டியிருக்கிறான். தேநீரில் பால் இல்லை. குணாவை அடித்திருக்கக் கூடாது. குணாவை அடித்திருக்கக் கூடாது என்பதையே ஏழெட்டுப் பேர் சொன்னதால், பெரிய கிராணி அதற்குக் கீழே மட்டும் அழுத்திக் கோடு போட்டார். குறைப் பக்கம் நிரம்பி, எழுத்து கோட்டைத் தாண்டி நிறைப் பக்கம் வழிந்தது. நிறை என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. குணா அண்ணன் இரக்கப்பட்டு, “பாட்டு இல்ல, அதனால சீக்கிரம் முடிஞ்சிருச்சு. அத எழுதலாமே?” என்றார். பெரிய கிராணி யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

ஜனம் சொல்லிவிட்டது. ஆபீசில் எந்த மேசை என்றுகூட மனதில் படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

“மணியம், நீங்க ஒண்ணும் சொல்லலியே?” என்று பெரிய கிராணி அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை. எழுந்தார். பெரிய கிராணி நீட்டிய மைக்கை வாங்கவில்லை. “மேலேருந்து காட்டுச்சே ஒரு எடம். அத மறுபடி போடு புள்ள,” என்றார்.

பட்ட அவமானம் போதாதா என்று நினைத்துக்கொண்டே தேடிப் போட்டேன். மேட்டுப் பாதையில் குணா அண்ணன் லோரியின் தலையில் நான் ஏறி நின்று எடுத்த காட்சி அது. காடு முழுசும் தெரியும். நடுவில் தினேஷ் சின்னதாக நிற்பான். “நிறுத்து,” என்றார். நிறுத்தினேன். அப்பா நடந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். தன் நிழல் விழுகிறது என்று தெரிந்ததும் ஒதுங்கி நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது நம்ம வெட்டின காடுதானே? மேலேருந்து பாத்தா இப்டியா இருக்கு?” என்றார். பிறகு பின்வரிசையைப் பார்த்துத் திரும்பி, “டேய், வாங்கடா. வந்து பாருங்க.”

கவாத்துக் கூட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். திரையை மறித்துக்கொண்டு நின்றார்கள். சரிவு எப்படி வளைந்ததோ அப்படியே செடிகளின் தலையும் வளைந்து, மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் ஒரே சீராக இறங்கியது. ஒருவர் மூலையைக் காட்டி, “இங்க ரெண்டு செடி தூக்கி நிக்குது பாருங்கண்ணே,” என்றார். “அது நீ வெட்டுனதுடா,” என்றார் இன்னொருவர். “என்னுது இந்தப் பக்கம்லா!” என்று ஒரு சண்டை வந்து, பேர் சொல்லி, வரிசை எண்ணி, சிரித்து ஓய்ந்தது. படத்தின் கதையை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

“நாங்க குனிஞ்சே வெட்டுறோம்,” என்றார் அப்பா, யாரிடம் என்று இல்லாமல். “பக்கத்துச் செடிதான் கண்ணுக்குத் தெரியும். முடிச்சிட்டு அடுத்த காட்டுக்குப் போயிருவோம். முழுசா இன்னிக்குத்தான் பாக்குறேன்.” பிறகு பெரிய கிராணியிடம் திரும்பினார். “நிறையில எழுதிக்குங்க. கவாத்து நல்லாருக்கு.”

பெரிய கிராணி சாக்கட்டியோடு தயங்கினார். “அது தோட்டத்தோட நிறை, மணியம். படத்தோட நிறை ஆகாதே.”

“எழுதுங்க கிராணி!” என்றார் செல்லம்மா அக்கா. “எங்களுக்கும் கண்ணு இருக்கு. நல்லாத்தான் இருக்கு.”

அவர் எழுதினார். கரும்பலகையில் என் சூப்பர் ஹீரோ படத்துக்குக் கிடைத்த ஒரே நிறை: கவாத்து நன்று.

மழை விட்டிருந்தது. லயத்துக்குப் போகும் பாதையில் நானும் அப்பாவும் நடந்தோம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஜனம் நல்லாருக்குன்னு சொல்லலப்பா. நான் ஆபீஸுக்கே போறேன்.”

“ஒண்ணு சொன்னாங்கதானே.”

“அது ஒங்க வேலப்பா. என் வேல இல்ல.”

“வேல என்னுதுதான்,” என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். “இத்தன வருசமா நானே பாக்கல. நீதானே காட்டுன.” வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “தானா ராத்தாவுல கேஎல் பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

அழுதுகொண்டிருந்தேன். அம்மாதான் உள்ளேயிருந்து சொன்னாள்.

இது நடந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. கோலாலம்பூரில் கல்யாணம், கடை திறப்பு, விளம்பரம் என்று கிடைத்ததை எல்லாம் எடுத்து என் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. சூப்பர் ஹீரோ பக்கம் மட்டும் தலைவைத்துப் படுப்பதில்லை. குணா அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். “எத்தன பேரு எனக்காக அழுதாங்க பாத்தியா? வீரனா நடிச்சப்பக்கூட யாரும் அழல,” என்று சிரித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் நடக்காத காரியத்தை யாராவது நடக்கும் என்று சொன்னால், “கவாத்துக் காட்டுல கொழுந்து எடுக்கப் போறியா?” என்று கேட்பது இன்றைக்கும் வழக்கம். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட ஒரு பெரியப்பா கேட்டார்.

வேலைக்குப் போன முதல் வருடம் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மேலேயிருந்து எடுத்த அந்தக் காட்சியைப் பெரிதாகப் படம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, “நடுவுல அந்தத் தம்பி நிக்கிது. ரெண்டு வரிச மறைக்கிது. எடுத்துரு,” என்றார். தினேஷை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்தேன். இப்போது அது எங்கள் வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்கு அடுத்து மாட்டியிருக்கிறது. வெறும் காடு.

போன தீபாவளிக்கு என் கணவரின் அலுவலக நண்பர்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பின்பக்கம் போயிருந்தார். அம்மா வழக்கம்போல அந்தப் படத்தைக் காட்டி, எங்கள் மகள் எடுத்த சூப்பர் ஹீரோ சினிமா இதுதான் என்று பெருமையாகச் சொன்னாள். அவர்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள், தள்ளி நின்று பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஆன்ட்டி, இதுல ஹீரோ எங்க?”

“பின்னால குளிச்சிக்கிட்டு இருக்காரு,” என்றாள் அம்மா. “இருங்க, வந்துருவாரு.”